உள்ளே எத்தனை பேர்? கதவில் எழுதி ஒட்டுங்கள்!

ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறுங்கள். உள்ளே பெயிண்டில் எழுதி இருக்கும் – உட்கார இத்தனை பேர், நிற்க இத்தனை பேர் என்று. அதை யாரும் மதிப்பது இல்லை. அது வேறு கதை. எழுதியாவது வைத்து இருக்கிறார்கள்.

லிப்டில் ஏறினால் "6 பேர் – 408 கிலோ" என்று தகடு அடித்து இருக்கும். சினிமா கொட்டகையில் நாற்காலிக்கு ஒரு டிக்கெட்டு. ஷேர் ஆட்டோக்காரர் கூட "இன்னும் ஒரு ஆளு" என்று கணக்கு பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்.

சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் போடும் ரெஸ்டோ பார் வாசலுக்கு போய் பாருங்கள். நுழைவு கட்டணம் எழுதி இருக்கும். ஜோடிக்கு என்ன சலுகை என்று எழுதி இருக்கும். இன்றைக்கு பாட்டு போடுபவர் யார் என்று படம் போட்டு இருக்கும். உள்ளே எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதி இருக்கிறதா? பார்த்தவர்கள் கை தூக்கலாம்!

கத்தியை மட்டும் பேசினார்கள்

கடந்த 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந்தேதி அதிகாலை. புதுவை மிஷன் வீதியில் ஒரு ரெஸ்டோ பார். பிறந்தநாள் கொண்டாட வந்த மாணவர்களுக்கும் பார் ஊழியர்களுக்கும் தகராறு. கத்திக்குத்து. சென்னையில் படித்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் பலி. பார் ஊழியர் கைது.

ஊரே கொதித்தது. ரெஸ்டோ பார்களை இழுத்து மூடு என்று கட்சிகள் போராட்டம் நடத்தின. நள்ளிரவு தாண்டி கடை நடந்தது எப்படி என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் பேச்சு எல்லாம் கத்தியோடும் கடிகாரத்தோடும் நின்றுவிட்டது. ஒருவனை ஒருவன் இடிக்காமல் திரும்ப முடியாத கூட்டத்தை உள்ளே விட்டது யார் என்ற பேச்சு வரவில்லை. குடித்த வாலிபர்கள், காது கிழியும் சத்தம், மூச்சு முட்டும் நெரிசல் – மூன்றும் சேர்ந்தால் கால் மிதித்ததற்கே சண்டை வரும். கத்தி கடைசியாக வருவது. கூட்டம் முதலிலேயே வந்துவிடுகிறது.

வெளியூர் வாலிபர்கள் இங்கே படை எடுப்பதற்கு காரணமும் ரகசியம் இல்லை. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். புதுவையில் 18 போதும். சரக்கு விலையும் குறைவு. கடலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை சென்னையில் வண்டியை எடுத்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு இங்கே.

நம்ம பையன் போகமாட்டானா?

"நம்ம வீட்டுப் பையன் அங்கெல்லாம் போகமாட்டான்" என்று சொல்லும் அப்பா, அம்மாக்கள் ரெட்டியார்பாளையத்திலும், மூலகுளத்திலும் நிறைய பேர். அவர்கள் கோவாவில் நடந்ததை படிக்க வேண்டும்.

2025 டிசம்பர் 6-ந்தேதி நள்ளிரவு. கோவாவில் அர்போரா என்ற ஊர். அங்கே "பிர்ச்" என்ற இரவு விடுதியில் தீ. 25 பேர் செத்தார்கள். அதில் சுற்றுலா வந்தவர்கள் 5 பேர்தான். மீதி 20 பேர் யார்? விடுதி ஊழியர்கள்! சமையல்காரர், தட்டு எடுப்பவர், பாத்திரம் கழுவுபவர் என்று மாதச் சம்பளத்துக்கு வெளி மாநிலங்களில் இருந்து வந்த பிள்ளைகள்தான் அதிகம்.

ஆடிக்கொண்டு இருந்தவர்களில் பலர் வெளியே ஓடினார்கள். சிலர் கீழ்த்தளத்தில் இருந்த சமையல்கட்டு பக்கம் ஓடினார்கள். அங்கே வழி இல்லை. ஊழியர்களோடு சேர்ந்து புகையில் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் வெந்து சாகவில்லை. மூச்சு திணறி செத்தார்கள். பாதை குறுகல் என்பதால் தீயணைப்பு வண்டி வாசல் வரை போக முடியவில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடினார்கள். உள்ளே கொளுத்திய வாணவெடியால் தீ பிடித்ததாக விசாரணையில் சொல்லப்பட்டது.

இடிக்கச் சொல்லி பஞ்சாயத்து நோட்டீசு கொடுத்த கட்டிடம் அது. நோட்டீசு காகிதமாக இருந்தது. விடுதி ஓடிக்கொண்டு இருந்தது. முதலாளிகள் தீ பிடித்த சில மணி நேரத்தில் விமானம் ஏறி தாய்லாந்து போனார்கள். அங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாத்திரம் கழுவியவருக்கு விமானமும் இல்லை, பின்கதவும் இல்லை.

ஆகவே, நம்ம பையன் ஆடப் போகாமல் இருக்கலாம். தட்டு தூக்கப் போவான். பார் கவுண்டரில் நிற்பான். வாசலில் வண்டி நிறுத்தும் வேலை பார்ப்பான். சனி, ஞாயிறு கூடுதல் கூலி கிடைக்கிறது என்று சமையல்கட்டில் வெங்காயம் உரிப்பான். வேலைக்கு சேரும் முதல் நாளே அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சமையல்கட்டில் இருந்து தெருவுக்கு நேரா கதவு இருக்கா? சாவி யாருகிட்ட?"

பூட்டு போட்டு சாவி முதலாளி பையில் என்றால், அந்த சம்பளம் வேண்டாம்.

விஷப்புகை தெரியாத ஊரா இது?

புகையை பற்றி ரெட்டியார்பாளையத்துக்கு பாடம் நடத்த வேண்டியது இல்லை. 2024 ஜூன் 11-ந்தேதி புதுநகரில் வீட்டு கழிவறை வழியாக ஏறிய விஷவாயு 3 உயிரை குடித்தது. கழிவறையில் விழுந்த தாயை தூக்க ஓடிய மகளும் விழுந்தார். அடுத்த வீட்டில் ஒரு சிறுமி செத்தாள். கண்ணுக்கு தெரியாத காற்று எத்தனை வேகமாக ஆளை சாய்க்கும் என்று அன்றைக்கு இந்த ஊர் பார்த்தது.

தீ பிடித்த ஹாலில் வருவதும் அதே மாதிரிதான். பஞ்சு, பிளாஸ்டிக், திரைச்சீலை எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு வாடை கிடையாது. நிறம் கிடையாது. நெருப்பு பத்தடி தள்ளி இருக்கும்போதே கால் துவண்டுவிடும். ஈர கைக்குட்டை கரியை கொஞ்சம் தடுக்கும். அந்த வாயுவை தடுக்காது. கைக்குட்டையை நனைக்க தண்ணீர் தேடிப்போகும் நேரத்தில் வாசலுக்கு போய்விடலாம். குனிந்து போக வேண்டும். புகை மேலே நிற்கும், கீழே கொஞ்சம் நல்ல காற்று இருக்கும்.

கழிவறைக்குள் மட்டும் ஓடக்கூடாது. தண்ணீர் இருக்கிறதே, கதவை சாத்திக்கொண்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் அப்படி நினைத்தவர்கள் உண்டு. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டிய நேரம். மொட்டை மாடி பாரில் தீ. 14 பேர் பலி. பலருடைய உடல்கள் கழிவறையில் கிடந்தன. மூச்சு முட்டி செத்து இருந்தார்கள்.

வந்த வழியே போனவர்கள்

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம், 1942 நவம்பர் 28. கோகோநட் குரோவ் என்ற விடுதி. 492 பேர் பலி. முன்வாசலில் சுழலும் கதவு. இரண்டு பக்கமும் ஆள் தள்ள, கதவு இறுகி நின்றுவிட்டது. மற்ற கதவுகளில் சில பூட்டி இருந்தன, சில உள்பக்கம் திறப்பவை. உள்பக்கம் திறக்கும் கதவை கூட்டம் அழுத்தினால் எந்த பயில்வானாலும் திறக்க முடியாது. கூட்டம் சேரும் இடத்தில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்ற விதியை உலகம் கற்றுக்கொள்ள அத்தனை பிணம் தேவைப்பட்டது. நம்ம நாட்டு கட்டிட விதியிலும் அது இருக்கிறது. கட்டிடத்தில் இருக்கிறதா என்று தள்ளிப்பார்த்தால் தெரியும்.

அதே அமெரிக்காவில் ரோட் ஐலண்ட், 2003 பிப்ரவரி 20. மேடையில் விட்ட பூவாணம், சத்தம் வெளியே போகாமல் இருக்க சுவரில் ஒட்டி இருந்த பஞ்சில் பட்டது. 100 பேர் பலி. அங்கே வேறு கதவுகள் இருந்தன. ஆனால் பெரும்பாலோர் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். குறுகிய நடையில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, வாசலே அடைத்துக்கொண்டது.

பிரேசில் நாட்டில் சாண்டா மரியா, 2013 ஜனவரி 27. 242 பேர் பலி. பெரும்பாலும் மாணவர்கள். அங்கே நடந்த கொடுமையை கேளுங்கள். தீ என்று தெரியாத வாசல் காவலர்கள், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து முதலில் கூட்டத்தை மறித்தார்கள்!

2026 புத்தாண்டு இரவில் சுவிட்சர்லாந்தில் கிரான் மொன்டானா என்ற பனி ஊர் பாரில் சுமார் 40 பேர் செத்தார்கள். அதிலும் பாட்டிலில் சொருகிக் கொண்டு வந்த மத்தாப்புதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். பிறந்தநாள் என்றால் பாட்டிலில் மத்தாப்பு கொளுத்தி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரும் வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. மேலே பார்க்க வேண்டும். கூரையில் துணியோ, கீற்றோ, பஞ்சோ, காகிதப் பூவோ தொங்கினால் அந்த மத்தாப்பு கொண்டாட்டம் இல்லை. எழுந்து வந்துவிடுவது நல்லது. கூட வந்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

உள்ளே போகிறவர் கவனிக்க

போகாதே என்று சொன்னால் கேட்கிற வயது இல்லை. போகிறவர்கள் காசு கட்டும் முன் இரண்டு நிமிடம் செலவு செய்ய வேண்டும்.

முதலில் படிக்கட்டு. மாடியில் பார், ஒரே படிக்கட்டு, அதுவும் இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் தோள் இடிக்கும் என்றால் திரும்பி விடலாம். அடுத்தது இரண்டாவது வழி. "தம்பி, பின்கதவு எங்கே?" என்று ஊழியரை கேட்பதில் வெட்கம் இல்லை. "எதுக்கு சார்?" என்று அவர் முழித்தால் பதில் கிடைத்துவிட்டது. பின்கதவு இருக்கிறது என்றால், நேரில் போய் பார்க்க வேண்டும். பீர் பெட்டி அடுக்கி இருக்கிறதா, சங்கிலி போட்டு இருக்கிறதா? ரொம்ப இடத்தில் பின்கதவு என்றால் காலி பாட்டில் வைக்கும் இடம் என்றே பொருள்.

உள்ளே போனால் பழகாத கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விளக்கு வெட்டி வெட்டி அடிக்கும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆபத்து என்று யாராவது கூவினாலும் பாட்டோடு சேர்த்து ஆடுவார்கள். தரையில் சிந்திய மது, உடைந்த கண்ணாடி. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போனால் வழுக்கும். கூட வந்தவர்கள் பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று வெளியே வைத்தே பேசிக்கொள்ள வேண்டும். டீக்கடை, ஏ.டி.எம்., எதுவானாலும் சரி, தெருவில் ஒரு இடம். டம்ளரை மேஜையில் விட்டுவிட்டு போனால் திரும்பி வந்து அதை குடிக்கக்கூடாது. பெண்கள் மட்டும் இல்லை, ஆண்களும்தான்.

நெரிசல் கூடுவது எப்படி தெரியும்? கையை தூக்கி முகத்தை தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை, காலை எடுத்து வைக்க கூட்டம்தான் தள்ளுகிறது என்றால் எல்லை தாண்டியாகிவிட்டது. அதற்கு முன்பே ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். நெரிசலில் மிதிபட்டுத்தான் சாவார்கள் என்று நினைக்கிறார்கள். நின்றபடியே சாவார்கள். நாலு பக்கமும் அழுத்தினால் நெஞ்சு விரியாது. விரியாவிட்டால் மூச்சு ஏது? கரூரில் 2025 செப்டம்பர் 27-ந்தேதி கூட்டத்தில் 41 பேர் செத்தார்களே, அது திறந்தவெளி ரோடு. தென்கொரியாவில் இத்தேவோன் என்ற கேளிக்கை பகுதியில் 2022 அக்டோபர் 29-ந்தேதி ஒரு சந்துக்குள் 159 பேர் செத்தார்கள். தீயும் இல்லை, வெடியும் இல்லை. வெறும் கூட்டம்.

மாட்டிக்கொண்டால், கை இரண்டையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு மூச்சுக்கு இடம் பிடிக்க வேண்டும். எதிர்த்து தள்ளக்கூடாது. கூட்டம் போகிற பக்கமே போய், குறுக்காக கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் ஒதுங்க வேண்டும். செல்போன் விழுந்தால் விழுந்ததுதான். குனிந்தவர் எழுந்திருப்பது கடினம்.

தடியர்களும் பில்லும்

வாசலில் கறுப்பு சட்டையில் நிற்கும் தடியர்களுக்கு பவுன்சர் என்று பெயர். அவர்கள் போலீஸ் இல்லை. ஆளை வெளியே போகச் சொல்லலாம். அடிக்க அதிகாரம் இல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு என்று 2005-ல் சட்டமே போட்டு இருக்கிறார்கள். நிறுவனத்துக்கு லைசென்சு வேண்டும், ஆளுக்கு பயிற்சி வேண்டும், குற்றப் பின்னணி விசாரித்து இருக்க வேண்டும்.

சட்டம் அப்படி. ராத்திரி ஒரு மணிக்கு சட்டம் பேசினால் மூக்கு உடையும். வெளியே போ என்றால் போய்விட வேண்டும். செருப்பை தேட, மரியாதையை மீட்க, "யார்கிட்ட பேசுறே" என்று கேட்க மறுபடி உள்ளே போகக்கூடாது. சண்டை பெரிதாவது மறுபடி உள்ளே போகும்போதுதான். வெளியே வந்து 112-க்கு போன் செய்வதே வீரம்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டு இருந்தால் அது கட்டாயம் இல்லை. எடுக்கச் சொல்லலாம். எடுக்க மறுத்தால் கட்டிவிட்டு, பில்லை பத்திரமாக வைத்துக்கொண்டு, மறுநாள் பகலில் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். நூறு, இருநூறு ரூபாய்க்காக நடுராத்திரியில் நாலு தடியர்களோடு மல்லுக்கு நிற்பது கணக்கு தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை. பணத்தை போன் மூலம் கட்டினால் எந்த கடை, எத்தனை மணி என்று சாட்சியும் இருக்கும்.

வீடு திரும்புவது அடுத்த கண்டம். குடித்துவிட்டு விழுப்புரம் ரோட்டில் வண்டி ஓட்டி வருகிறவர்களை போலீசார் ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில். ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்டுவிடப் போகிறார்கள்? அடிபட்டால் 108. தீ என்றால் 101.

எண்ணுவதற்கு என்ன கஷ்டம்?

கடைகளை எல்லாம் மூடு என்று ஒரு கட்சி. சுற்றுலா போய்விடும், வருமானம் போய்விடும் என்று இன்னொரு கட்சி. இந்த சண்டை இன்றைக்கு முடியப்போவது இல்லை. திறந்து இருக்கிற வரை உள்ளே இருப்பவன் உயிரோடு வெளியே வர வேண்டும். அதற்கு சுற்றுலா குறுக்கே நிற்கவில்லை.

லைசென்சு கொடுப்பது கலால் துறை. கட்டிடம், வியாபார அனுமதி நகராட்சி கையில் – ரெட்டியார்பாளையம் என்றால் உழவர்கரை நகராட்சி. தீக்கு தீயணைப்பு துறை. தகராறுக்கு போலீஸ். நாலு துறை இருக்கிறது. உள்ளே 100 பேர் நிற்கும் இடத்தில் 300 பேர் நின்றால் அது யார் வேலை என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரை காட்டலாம். அந்த வசதிதான் முதலாளிகளுக்கு லாபம்.

இதற்கு புது சட்டம் வேண்டாம். ஹாலின் அளவு, கதவின் அகலம் பார்த்து இத்தனை பேர் என்று தீயணைப்பு துறை எழுதிக் கொடுக்கட்டும். அதை முன்வாசலில், நுழைவு கட்டணத்தை எழுதிய அதே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டட்டும். கலால் துறை அந்த எண்ணை லைசென்சிலேயே சேர்க்கட்டும். வாசலில் நிற்கும் பவுன்சர் கையில் ஆள் எண்ணும் சின்ன கருவி ஒன்றை கொடுக்கட்டும். உள்ளே ஒருவர் போனால் ஒரு அமுக்கு. உள்ளே விற்கும் ஒரு பாட்டில் விலைதான் இருக்கும் அது. எண் நிறைந்ததும் கதவை சாத்தி, ஒருவர் வெளியே வந்தால் ஒருவரை உள்ளே விட வேண்டும். கையில் முத்திரை குத்தத் தெரிந்தவர்களுக்கு எண்ணத் தெரியாதா?

அதிகாரிகள் சோதனைக்கு போகும் நேரத்தையும் மாற்ற வேண்டும். காலை 11 மணிக்கு போனால் கூட்டித் துடைத்த ஹாலும், திறந்து வைத்த பின்கதவும், காபியும் கிடைக்கும். ராத்திரி 11 மணிக்கு போக வேண்டும். சனிக்கிழமை போக வேண்டும். சொல்லாமல் போக வேண்டும்.

டிசம்பர் 31-ந்தேதி ராத்திரி புதுவையில் கால் வைக்க இடம் இருக்காது. பீச்சில் போலீசார் கயிறு கட்டி கூட்டத்தை பிரிப்பார்கள். பார்களுக்கு உள்ளே கயிறு கட்ட யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமை, கலால் அதிகாரி ஒருவரும் தீயணைப்பு அதிகாரி ஒருவரும் ஒரு பார் வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, உள்ளே போகும் தலைகளை எண்ணிப் பார்க்கட்டும். வருகிற எண்ணை மறுநாள் வெளியே சொல்லட்டும்.